உணவு விலக்கா, சத்து மருந்தா, ரத்தப் பரிசோதனையா? ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டிப் பகுதிகளில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கோதுமையையும் பாலையும் நிறுத்தச் சொல்கிறார்கள், நிறுத்தலாமா? துபாயிலிருந்து தம்பி கொடுத்தனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரையைக் கொடுக்கலாமா? அமெரிக்காவில் ஏதோ ஃபோலேட் மருந்தை அறிவித்திருக்கிறார்களாமே, அது இங்கே கிடைக்குமா? மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிட்டு, எதனால் என்ன நடந்தது என்று பிரித்தறிய முடியாமல் திகைப்பவர்களும் உண்டு.

பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவை தொடர்கின்றன என்ற அடிப்படையிலேயே இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது. அவற்றுக்குப் பதிலாக நிற்கக்கூடிய உணவோ மாத்திரையோ இன்றுவரை இல்லை.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் சான்றின் தரம். ஆட்டிசம் உள்ள குழந்தையின் நடத்தை மாதத்துக்கு மாதம் தானாகவே ஏறி இறங்கும்; புதிதாக ஒன்றைத் தொடங்கிய வீட்டாரோ ஏற்றத்தை மட்டும் கூர்ந்து பார்ப்பார்கள். செக்ரெடின் என்ற ஹார்மோனின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குடல் பரிசோதனைக்காக அந்த ஊசி போடப்பட்ட மூன்று குழந்தைகளின் பேச்சும் பழகும் விதமும் மேம்பட்டதாக 1998இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலைந்தனர். அடுத்த ஆண்டே 60 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் செக்ரெடினும் மற்றதற்கு மருந்தில்லாத ஊசியும் போட்டு, யாருக்கு எது என்பதைப் பெற்றோரிடமும் மதிப்பிட்டவர்களிடமும் மறைத்து ஓர் ஆய்வு நடந்தது. செக்ரெடினுக்கென்று தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. மருந்தில்லாத ஊசி போட்ட குழந்தைகளும் தேறியதாகவே பதிவாயிற்று. முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் தங்கள் பிள்ளைக்குச் செக்ரெடின் வேண்டும் என்ற ஆர்வத்தைக் கைவிடவில்லை. ஆகவே "பக்கத்து வீட்டுப் பையன் பேச ஆரம்பித்துவிட்டான்" என்ற செய்தியைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் அதைச் சான்றாகக் கொள்ளவும் இயலாது.

இரண்டாவது, இந்தச் சிகிச்சை என் குழந்தைக்குப் பொருந்துமா என்பதைச் சொல்லும் பரிசோதனை ஏதேனும் இருக்கிறதா என்பது. என் கணிப்பில் நான்கு அளவுகோல்களில் இதற்கே எடை அதிகம். மூன்றாவது, தீங்கு, குறிப்பாக, வலியையோ மரத்துப்போவதையோ வாயால் சொல்ல முடியாத குழந்தைக்கு வரும் தீங்கு. நான்காவது, பில்லில் வராத செலவு: தனிச் சமையல், தவறிப்போகும் பயிற்சி நாள், பயணம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர், மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மதுரைக்கு ஒருமுறை போய்வந்தால் குழந்தைக்கு ஒரு நாள் பயிற்சியும், கடலுக்குப் போகும் தகப்பனுக்கு ஒரு நாள் மீன்பாடும் போய்விடும்.

## பற்றாக்குறையைக் கண்டறிந்து சரிசெய்வது

தங்கச்சிமடத்து வீடொன்றில் ஆறு வயதுப் பையன். காலையில் சர்க்கரை தூவிய இடியாப்பம், மதியம் தாளிக்காத தயிர்ச்சோறு, இடையில் ஒரே நிறுவனத்தின் மஞ்சள் உறை பிஸ்கட். தயிர்ச்சோற்றில் ஒரு கடுகு கிடந்தால் தட்டு நகர்த்தப்படும். பிஸ்கட் உறையின் நிறம் மாறிய மாதத்தில் அதையும் தொடவில்லை. அடுப்பில் தினமும் மீன் குழம்பு கொதிக்கிற வீடு அது. அந்த வாசம் எழுந்ததும் அவன் திண்ணைக்குப் போய்விடுவான்.

ஆட்டிசம் உள்ள பல வீடுகளின் நிலை இதுதான். உணவுச் சிக்கல்கள் மற்றக் குழந்தைகளைவிட இவர்களிடம் ஏறத்தாழ 5 மடங்கு அதிகம் என்றும், கால்சியமும் புரதமும் இவர்களுக்குக் குறைவாகவே சேர்கின்றன என்றும் 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. விட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி என்ற குறைபாட்டு நோய் வந்து, கால்வலியால் நடக்க மறுத்து, மூட்டு நோய் என்றும் நரம்பு நோய் என்றும் அலைக்கழிக்கப்பட்ட ஆட்டிசக் குழந்தைகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறார்கள். இரும்புச் சத்துக் குறைந்தால் இரவில் புரண்டு புரண்டு படுப்பதும் தூக்கம் கலைவதும் நேரும். டொராண்டோவில் 33 குழந்தைகளுக்கு 8 வாரம் இரும்பு மருந்து கொடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் அமைதியற்ற தூக்கம் குறைந்தது. சிறிய ஆய்வு, ஒப்பீட்டுப் பிரிவும் இல்லை. ஆனாலும் குறையிருப்பதை அளந்து, குறையை நிரப்புவதால் அதன் தர்க்கம் நேரானது.

மலச்சிக்கலையும் இங்கேயே சேர்க்க வேண்டும். மாலையானால் தலையில் அடித்துக்கொள்வது, மேசை விளிம்பில் வயிற்றை அழுத்துவது ஆகியவற்றை ஆட்டிசத்தின் நடத்தை என்று எழுதிவிடாமல், வலியாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது 2010இலேயே குழந்தை மருத்துவர்கள் கூடி எடுத்த நிலைப்பாடு.

தேவைப்படுபவை ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), விட்டமின் டி, தேவையானால் பி12, தைராய்டு. இவற்றுக்கு மதுரைக்குப் போக வேண்டியதில்லை. மறைந்திருக்கும் செலவு வேறொன்று: ரத்தம் எடுக்கும்போது மூன்று பேர் அமுக்கிப் பிடித்தால், அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தப் பிள்ளை வெள்ளைச் சட்டை போட்ட எவரையும் அண்டவிடாது. தேவையான எல்லாவற்றையும் ஒரே குத்தலில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் குழந்தைக்கும் இந்த வழியே முதலில் வர வேண்டும் என்பது என் முடிவு.

## கோதுமை, பால் விலக்கு

கோதுமையில் உள்ள குளூட்டனும் பாலில் உள்ள கேசீனும் சரியாகச் செரிக்காமல், அபின் போன்று செயல்படும் சிறு புரதத் துண்டுகளாக மூளையை எட்டுகின்றன என்ற கருதுகோளின் மேல் எழுந்தது இந்த உணவுமுறை. பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் சிறுநீரை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய துண்டுகள் காணப்படவில்லை. டென்மார்க்கில் 72 குழந்தைகளைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வு சில மேம்பாடுகளைக் காட்டியது. ஆனால் அங்கே உணவு மாற்றம் பெற்றோருக்குத் தெரிந்தே நடந்தது, பாதியில் விலகியவர்களும் பலர். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 குழந்தைகளை முதலில் விலக்கு உணவில் வைத்து, பிறகு கோதுமையோ பாலோ கலந்த பண்டத்தையும் கலக்காத பண்டத்தையும் யாருக்கும் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்வில் நடத்தை, தூக்கம், வயிறு எதிலும் வேறுபாடு தெரியவில்லை. எண்ணிக்கை சிறிது என்றாலும், முறை அளவில் இதுவே இறுக்கமான ஆய்வு.

நம் கரையோரத்தில் கோதுமையை விலக்குவது வட இந்தியாவில் போல் கடினமன்று. இட்லி, இடியாப்பம், ஆப்பம், சோறு எல்லாம் அரிசிதான். தடுக்கி விழுவது கவனிக்காத இடங்களில்: கடைப் பெருங்காயத்தூளில் மைதா உண்டு, பள்ளியின் காலை உணவில் சில நாள் ரவை, சில நாள் சேமியா, அங்கன்வாடிச் சத்துமாவில் கோதுமை மாவு, நோன்புக் கஞ்சியில் இல்லாவிட்டாலும் கூடவே வரும் சமோசாவில் உண்டு. அதற்கும் மேல் அப்பத்தா இருக்கிறார். "புள்ள அழுவுது, ஒத்த பிஸ்கட்டுதானேத்தா" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். கண்டிப்பான விலக்கு என்று நம்பி மூன்று மாதம் எழுதிவைத்த குறிப்பு அந்த ஒற்றை பிஸ்கட்டோடு பயனற்றுப் போகும்.

பால் விலக்கின் விலை எலும்பில் விழுகிறது. ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்புத் தடிமனை அளந்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தடிமன் இயல்பைவிடக் குறைந்திருந்தது. பால் விலக்கில் இருந்தவர்களிடம் அந்தக் குறைவு மற்றவர்களுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஈடுசெய்ய இங்கே வழி உண்டு: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, முள்ளோடு மெல்லும் நெத்திலியிலும் எள்ளிலும் முருங்கைக்கீரையிலும் நிறையக் கிடைக்கும். ஆனால் தங்கச்சிமடத்துப் பையன் இவற்றில் எதையும் தொடமாட்டான். அவன் தட்டிலிருந்து தயிரையும் பிஸ்கட்டையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது சர்க்கரை போட்ட இடியாப்பம் மட்டுமே.

இது பொருத்தமாகும் குழந்தை யார் என்றால், சீலியாக் நோய் (குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர், அல்லது பால் குடித்தால் வயிற்றுப்போக்கோ தோல் தடிப்போ வருவது உறுதியானவர். சீலியாக் பரிசோதனையைக் கோதுமை நிறுத்துவதற்கு முன்பே எடுக்க வேண்டும். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும்.

## மீன் எண்ணெயும் மீனும்

ஒமேகா-3 கொழுப்பு பற்றி 2011இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வுக்கு (ஆய்வுகளைத் தரம் பார்த்துத் தொகுக்கும் சர்வதேச அமைப்பின் அறிக்கை) எடுத்துக்கொள்ளும் தரத்தில் கிடைத்தவை 2 ஆய்வுகள், மொத்தம் 37 குழந்தைகள். அதில் ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகள் மாறியதற்குச் சான்று இல்லை. தீங்கும் பெரிதாக இல்லை: ஏப்பம், மீன் வாடை, சில நேரம் வயிற்றுப்போக்கு. ஆகவே இதற்கு எதிரான வாதம் பெரும்பாலும் பணம் பற்றியதுதான்.

குழந்தை மீன் தின்னுமானால் மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டியதே இல்லை. 100 கிராம் சாளையில் ஒரு கிராம் அளவுக்கு இந்தக் கொழுப்பு உண்டு; மேலே சொன்ன ஆய்வுகளில் நாளொன்றுக்குக் கொடுக்கப்பட்டதும் 1.3 முதல் 1.5 கிராம்தான். சுறாவையும் பெரிய சூரையையும் வாடிக்கையாகக் கொடுக்க வேண்டாம். மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களில் பாதரசம் சேரும், சாளையிலும் நெத்திலியிலும் அது குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் மீன் விலை ஏறுவதும் வீட்டு வருமானம் இறங்குவதும் ஒன்றாக நடக்கும். கருவாடு புரதத்துக்கும் கால்சியத்துக்கும் உதவும். இந்தக் கொழுப்பில் ஒரு பகுதி உலர்த்தும்போதே கெட்டுவிடுவதாலும் உப்பு மிகுதியாலும் அதை முழு மாற்றாகக் கொள்ள முடியாது.

## அதிக அளவு விட்டமின்கள்

பி6 விட்டமினும் மெக்னீசியமும் சேர்ந்த பெரும் அளவு மருந்து 1970களிலிருந்து பேசப்படுகிறது. காக்ரேன் மதிப்பாய்வில் தகுதி பெற்றவை மூன்றே சிறு ஆய்வுகள். பரிந்துரைக்கப் போதுமானதாக எதுவும் கிட்டவில்லை. நீண்ட நாள் மிகுந்த அளவில் பி6 கொடுத்தால் கை கால் நரம்புகள் பாதிக்கப்படும். முதல் அறிகுறி பாதம் மரத்துப்போவதும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும். பேசாத குழந்தை அதைச் சொல்லாது, தள்ளாடி நடக்கும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

விட்டமின் டி பற்றிப் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு 2019இல் அந்த இதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. வெயில் கொளுத்தும் ஊர்தானே என்று இருந்துவிட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளைக்கு டி குறையலாம்; அப்போது கொடுப்பது எலும்புக்காக, ஆட்டிசத்துக்காக அன்று.

எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வும் ஒன்று உண்டு: அரிசோனாவில் 67 பேருக்கு ஓராண்டு காலம் விட்டமின்கள், மீன் எண்ணெய், எப்சம் உப்புக் குளியல், கார்னிடின், செரிமான நொதிகள், பால்-கோதுமை விலக்கு எல்லாம் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. 2018இல் வெளியான முடிவில் முன்னேற்றம் காட்டப்பட்டது. ஆனால் சிகிச்சை பெறுகிறோம் என்பது வீட்டாருக்குத் தெரியும். ஆறில் எது வேலை செய்தது என்பதும் தெரியவில்லை.

## ஃபோலினிக் அமிலம்

லியூக்கோவோரின் என்ற பெயரில் புற்றுநோய்ச் சிகிச்சையில் நெடுநாளாக உள்ள மருந்து இது. சில குழந்தைகளில், ஃபோலேட்டை (பி9 விட்டமின்) மூளைக்குள் ஏற்றும் வாயிலை உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள் அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஃபோலேட் இயல்பாக இருந்தும் மூளைத் தண்டுவட நீரில் குறைந்திருக்கும். ஃபோலினிக் அமிலம் வேறு வழியாக உள்ளே போகும் என்பதே அடிப்படை. அமெரிக்காவில் 48 குழந்தைகளுக்கு, உடல் எடை கிலோவுக்கு 2 மில்லிகிராம், உச்சம் 50 மில்லிகிராம் என்று 12 வாரம் கொடுத்த மறைப்பு ஆய்வில் பேச்சு மேம்பட்டது. எதிர்ப்பொருள் உள்ள குழந்தைகளில் பலன் தெளிவாக இருந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு இம்மருந்தை அறிவித்ததிலிருந்து கேள்விகள் பெருகியிருக்கின்றன. அந்த அறிவிப்பு, மேலே சொன்னபடி மூளையில் ஃபோலேட் குறையும் நிலையை (பெருமூளை ஃபோலேட் குறைபாடு) முன்வைத்தது என்பது செய்தியாகப் பரவும்போது உதிர்ந்துவிட்டது.

இந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளில் எனக்கு நம்பிக்கை தருவது இதுவே, ஆனால் பெரிய ஆய்வுகள் இன்னும் தேவை. சில குழந்தைகளுக்குப் பரபரப்பும் தூக்கமின்மையும் கூடும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை வேறு, இது வேறு. பெயர் நெருங்கியிருக்கிறது என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்கக் கூடாது. குழந்தை நரம்பியல் மருத்துவரின் கண்காணிப்பில்லாமல் தொடங்கவும் கூடாது.

## வளர்சிதை மாற்றக் குறைபாட்டைத் தேடுவது

வளர்சிதை மாற்றம் என்பது உணவை உடல் சத்தாகவும் ஆற்றலாகவும் மாற்றும் வேலை. உணவால் ஆட்டிசம் போன்ற நிலை உண்மையிலேயே மாறக்கூடிய இடம் ஒன்று இருக்குமானால் அது இங்கேதான். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாட்டை 1953இல் பர்மிங்காமில் தனி உணவால் கட்டுப்படுத்திக் காட்டினார் ஹார்ஸ்ட் பிக்கல். சிகிச்சை இல்லாமல் வளரும் இக்குழந்தைகளில் சிலர் ஆட்டிசக் கூறுகளோடு வருகிறார்கள். பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு மருந்து பயோட்டின் என்ற விட்டமின்தான். மூளையில் கிரியேட்டின் குறையும் சில வகைகளுக்குக் கிரியேட்டின். பொதுவான ஆட்டிசத்தில் தோற்ற அதே பி6, ஹோமோசிஸ்டினூரியா என்ற பிறவி நோயின் ஒரு வகையில் உண்மையான மருந்து.

2012இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு நம் பகுதிக்கு நெருக்கமானது. துருக்கி, எகிப்து, லிபியாவைச் சேர்ந்த, உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில் ஆட்டிசமும் வலிப்பும் சேர்ந்து வந்த குழந்தைகளிடம், கிளைத்த சங்கிலி அமினோ அமிலங்களை (புரதத்தின் சில அடிப்படைக் கூறுகள்) உடல் அளவுக்கு மீறி எரித்துத் தீர்க்கும் மரபணுக் கோளாறு காணப்பட்டது. அதே கோளாறுள்ள எலிகளுக்கு அந்த அமிலங்களை உணவில் கூட்டிக் கொடுத்தபோது நரம்புக் கோளாறுகள் சீரடைந்தன. இத்தகைய நோய்களில் பல, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படுபவை. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று உறவு விடாமல் கட்டிக்கொடுக்கும் நம் ஊர்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனாலும் ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டால் இப்படி ஒரு குறைபாடு கிட்டுவது 5 சதவீதத்துக்கும் கீழ்தான். உறவுத் திருமணத்தோடு வலிப்பு, காய்ச்சலுக்குப் பின் கற்றதை இழப்பது, காரணமில்லாத வாந்தியும் சோர்வும், சிறிய தலை, சிறுநீரில் விநோத வாடை, முன்பு இறந்த உடன்பிறப்பு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தேட வேண்டும். இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு இதைத் தேடிக் கடன் வாங்க வேண்டியதில்லை.

முதல்கட்டப் பரிசோதனைக்கு வடிதாளில் உலர்ந்த ரத்தத் துளி போதும். அது தபாலில் போகும், பிள்ளை போக வேண்டியதில்லை. மரபணுப் பரிசோதனை செலவு மிக்கது, முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை மாற்றுத்திறனாளிகளுக்கு நடத்தும் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது; அதற்கு மாற்றுத்திறனாளிச் சான்று தேவை என்பதால், சான்றை முதலில் வாங்கிவிடுவது நல்லது.

## சுருக்கமாகச் சொல்லக்கூடியவை

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு, மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு நிலைபெற்ற சிகிச்சை. ஆட்டிசத்துக்கு என்று கிரீட் தீவில் 30 குழந்தைகளிடம் முயன்று 2003இல் வெளியிட்டார்கள். கடைசிவரை தொடர்ந்தவர்கள் 18 பேர், ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. சிறுநீரகக் கல்லும் மலச்சிக்கலும் வரும். வலிப்பு இருந்தால் பேசலாம், இல்லையேல் வேண்டாம். வளைகுடாவிலிருந்து பெட்டியில் வரும் ஒட்டகப் பால் பொடிக்குச் சில வாரங்களே நீண்ட சிறு ஆய்வுகள்தான் துணை. பால் ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கு அது விலை கூடிய பால். உடலிலிருந்து உலோகங்களை மருந்தால் வெளியேற்றும் உலோக நீக்கச் சிகிச்சையை ஒப்பீட்டுக்கே எடுக்கவில்லை: 2005இல் பென்சில்வேனியாவில் அதற்கான ஊசி ஏற்றியபோது கால்சியம் சரிந்து ஐந்து வயதுக் குழந்தை இறந்தது.

| வழி | சான்று | எக்குழந்தைக்கு | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|
| பற்றாக்குறை திருத்தம் | குறை இருந்தால் வலுவானது | எல்லாருக்கும் | ஊசிப் பயம் |
| கோதுமை, பால் விலக்கு | பலவீனம் | சீலியாக், பால் ஒவ்வாமை | எலும்பு, தனிச் சமையல், குறுகும் தட்டு |
| மீன் எண்ணெய் | பலவீனம் | மீன் தொடாதவர், விரும்பினால் | மாதாந்தரப் பணம் |
| அதிக அளவு விட்டமின் | இல்லையென்றே சொல்லலாம் | பி6க்கு இணங்கும் பிறவி நோய் | நரம்புச் சேதம் |
| ஃபோலினிக் அமிலம் | நம்பிக்கையூட்டும், போதாது | எதிர்ப்பொருள் உள்ளவர் | மதுரைப் பயணம், தூக்கம் |
| வளர்சிதைப் பரிசோதனை | நோய் உறுதியானால் மிக வலுவானது | வலிப்பு, பின்னடைவு, உறவுத் திருமணம் | காத்திருப்பு, மரபணுச் செலவு |

ஏதேனும் ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், 12 வாரம், பயிற்சியாளருக்கோ ஆசிரியருக்கோ சொல்லாமல். முன்பே மூன்று செயல்களைத் தேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள்: இரவில் எத்தனை முறை எழுகிறான், நாளில் எத்தனை முறை தானாகக் கேட்கிறான், எத்தனை முறை கடிக்கிறான். விவரம் அறியாத ஆசிரியரின் எண்ணிக்கையில் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பள்ளி விடுமுறையிலும் மீன்பிடித் தடைக்காலத்திலும் தொடங்க வேண்டாம். அப்போது வீட்டின் நாளொழுங்கே மாறிவிடுவதால் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போகும்போது மூன்று நாள் தின்றதும் குடித்ததும் அளவோடு எழுதிய தாள், பிஸ்கட் உறை, கொடுத்துவரும் எல்லா மாத்திரைகள், சூரணங்கள், பொடிகளின் புட்டிகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கணவன் மனைவி உறவுமுறையையும், இரு வீட்டிலும் சிறு வயதில் இறந்த குழந்தைகளையும், வலிப்பு உள்ளவர்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வரிசையில் நின்று உள்ளே போனதும் இவையெல்லாம் நினைவுக்கு வருவதில்லை.